ருவாண்டா பள்ளிகளில் ஆங்கிலம்

கிட்டத்தட்ட மக்கள் அனைவருமே கின்யருவாண்டா பேசும் நாடு ருவாண்டா. பெல்ஜியம் ஆட்சியில் வேரூன்றிய பிரெஞ்சே அங்கு நெடுங்காலம் மேல்வகுப்புகளின் மொழியாக இருந்தது. 1994 இனப்படுகொலைக்குப் பின் உகாண்டாவிலிருந்து திரும்பியவர்களுடன் ஆங்கிலமும் வந்தது; அதிகாரமும் அவர்கள் கைக்கு வந்தது. 2007-இல் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தில் சேர்ந்த அரசு, மறு ஆண்டே எல்லா வகுப்புகளுக்கும் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கியது. 2009-இல் காமன்வெல்த்திலும் இணைந்தது.

வணிக ஆதாயத்தை மறுப்பதற்கில்லை. ஆனால், பிரெஞ்சில் பயின்ற ஆசிரியர்கள் தாங்களே தடுமாறும் மொழியில் கணக்கும் அறிவியலும் நடத்த நேர்ந்தது. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலமே கேளாத கிராமத்துப் பிள்ளைகளுக்குத்தான் இழப்பு அதிகம். 2011-இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தாய்மொழி திரும்பியது. நல்ல திருத்தம் அது. 2019-இல் அதையும் கைவிட்டு, எழுத்துக் கூட்டும் வயதிலேயே மீண்டும் ஆங்கிலம் என அரசு அறிவித்தது பெருந்தவறு.