பட்டறையில் சிக்கனமா?

நகரசபைகள் செலவைக் குறைக்க முற்படும்போது, லாரிப் பட்டறையின்மீதே முதலில் கை வைப்பது சுலபமாகத் தோன்றும். அந்தச் சிக்கனத்தின் விலை என்னவென்று அமெரிக்காவிலுள்ள மெம்பிஸ் நகரம் அறியும்.

1968 பிப்ரவரி 1-ந் தேதி, நகரசபையின் பழைய குப்பை லாரியில் மழைக்கு ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற கறுப்பினத் தொழிலாளர் இருவரை, குப்பையை அமுக்கும் யந்திரம் கோளாறுற்றுத் தானே இயங்கி நசுக்கிக் கொன்றது. பழுதான லாரிகளைப் பற்றித் தொழிலாளர் முன்னரே முறையிட்டிருந்தனர், செவிசாய்ப்பாரில்லை. பிப்ரவரி 12-ல் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களுக்குத் துணைநின்ற மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4-ல் அந்நகரிலேயே சுடப்பட்டு மாண்டார். அதன் பின்னரே, ஏப்ரல் 16-ல், நகரசபை சங்கத்தை அங்கீகரித்தது.

பிரேக்கையும் மின்கம்பிகளையும் அமுக்கு யந்திரத்தையும் சோதிக்கும் மெக்கானிக்கே இத்தகைய தொழிலாளரின் உயிருக்குக் காவலர் அன்றோ? 'இவ்வண்டி வெளியே போகலாகாது' என்று அவர் சொன்னால், மேலதிகாரியும் அதை மீறலாகாது. இதையே விதியாக்க வேண்டுமென்கிறோம். அவ்வதிகாரத்தை அவருக்கு அளிக்காத நகரசபை, நேரும் மரணங்களுக்குத் தானே பதில் சொல்லியாக வேண்டும்.