டிக்கெட் விற்பவர் ஒருவராகிவிடக் கூடாது

ஜொகூர் பாரு ரசிகருக்குப் பெரிய கச்சேரி என்றால் வடக்கே புக்கிட் ஜாலில் அரங்கு, இல்லையேல் கடற்பாலம் தாண்டி சிங்கப்பூர். 2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் தென்கிழக்காசியாவில் பாடிய 6 இரவுகளும் சிங்கப்பூரில்தான். டிக்கெட் வாங்கப் போனால், இணையத்தில் முதலில் காட்டும் விலை ஒன்று. பணம் கட்டும் கடைசித் திரையில் சேவைக் கட்டணம் சேர்ந்து வேறொன்று. நேரம் குறைந்துகொண்டே வரும்போது யார் நிதானமாகக் கணக்குப் பார்ப்பது? வேறு கடை இல்லாத இடத்தில் விலை கேட்டு என்ன பயன்? ஒரே கடை என்ற நிலை எப்படி வருகிறது என்பதற்கு அமெரிக்கா சான்று. அங்கே 2010இல் நிகழ்ச்சி நடத்தும் லைவ் நேஷனும் டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டரும் இணைந்தன. நிகழ்ச்சி நடத்துவது, அரங்குகளை நிர்வகிப்பது, டிக்கெட் விற்பது மூன்றும் ஒரே கைக்குப் போயின. நிபந்தனைகளோடு அந்த இணைப்பை அனுமதித்த அமெரிக்க நீதி அமைச்சே 2024 மே மாதம் அவ்விரு நிறுவனங்களையும் பிரிக்கக் கோரி வழக்குத் தொடுத்தது. வந்தபின் தவிப்பதைவிட வருமுன் காப்பதே அறிவு. நம் வட்டாரத்திலும் இதற்குப் பாடம் உண்டு. 2018இல் வாடகைக் கார் செயலி நிறுவனமான ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலைப் போட்டி நிறுவனமான கிரேப்பிடம் விற்றபோது, சிங்கப்பூர் போட்டி ஆணையம் இரண்டுக்கும் சேர்த்து சுமார் 1.3 கோடி சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதித்தது. மலேசியாவின் 2010 போட்டிச் சட்டத்திலோ இணைப்பைத் தடுக்கும் அதிகாரமே அப்போது இல்லை. டிக்கெட் சந்தையில் அந்த நிலை நமக்கு மீண்டும் வரக்கூடாது. இணைப்புகளை முன்கூட்டியே ஆராயும் முழு அதிகாரம் மலேசியப் போட்டி ஆணையத்துக்கு வேண்டும். மொத்த விலையை முதல் திரையிலேயே காட்டுவது கட்டாயமாக வேண்டும். பொதுப்பணத்தில் எழுந்த அரங்கை எந்த ஒரு டிக்கெட் நிறுவனத்துக்கும் ஏகபோகமாக எழுதிக் கொடுக்கக் கூடாது. அப்போதுதான் ஜொகூரில் தமிழ் நிகழ்ச்சி நடத்தும் சிறிய ஏற்பாட்டாளரும் பிழைப்பார், ரசிகரின் பணமும் மிஞ்சும்.