கொரில்லா பார்க்க லோனா? கொஞ்சம் பொறுங்க!

ருவாண்டா போக ஆசைப்படுறவங்க முதல்ல தேடுறது ஃபிளைட் டிக்கெட் விலையை. என்னைக் கேட்டா, அது தப்பான ஆரம்பம். பட்ஜெட்டைத் தீர்மானிக்கிறது கொரில்லா பெர்மிட்தான். 2017-ல அதை 750 டாலர்ல இருந்து 1,500 டாலரா ஏத்திட்டாங்க. டாலர் 85 ரூபாய்னு வெச்சாலே 1,27,500 ரூபாய். கொரில்லா கூட்டத்தோட இருக்க முடியுறது ஒரே ஒரு மணி நேரம்! கிரெடிட் கார்டுல கட்டினா 3.5% மார்க்அப், அதுக்கு ஜி.எஸ்.டி. வேற. இன்னொரு 5,000 காலி.

பக்கத்து உகாண்டாவுல இதுவே 800 டாலர். ஆனா கிகாலியில இருந்து வோல்கனோஸ் பார்க்குக்கு ரெண்டரை மணி நேரம்தான். என்டெபியில இறங்கி ப்விண்டி காட்டுக்குப் போக ஒரு முழு நாள் ரோட்டுலயே போயிடும், திரும்பி வரவும் அப்படித்தான். அதனால ரெண்டு நாள் லீவ் கூடுதலா போகும், வண்டிச் செலவும் ஏறும். இருந்தாலும் பெர்மிட்ல மட்டும் 59,500 ரூபாய் மிச்சமாகுது. ரெண்டு நாள் சம்பளம் அவ்வளவு வருதா உங்களுக்கு? எனக்கு வரல. கொரில்லாதான் குறின்னா என் ஓட்டு உகாண்டாவுக்கு. மலையும் கிவு ஏரியும் போதும்னா, பெர்மிட்டே இல்லாம ருவாண்டா போங்க.

டிராவல் லோன் மட்டும் வேண்டாம். மாசம் 5,700 ரூபாய் ஆர்.டி. போட்டா 12 மாசத்துல உகாண்டா பெர்மிட் காசு ரெடி. ஒரு வருஷத்துல எடுக்கப்போற பணத்தை ஈக்விட்டி எஸ்.ஐ.பி.ல போடாதீங்க.

உகாண்டாவுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். போட்டு 10 நாள் கழிச்சுதான் சர்டிஃபிகேட் செல்லும்; கடைசி வாரத்துல ஓடாதீங்க.