சோதனைக்குச் சதை கொடுத்துவந்த சகோதரிகளைக் குறித்து ஸ்பிரிங்வெளி மகாஜனங்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஸ்பிரிங்வெளி தோட்டத்துப் பெரியோர்களுக்கும், தலைவர்மாருக்கும், கங்காணிமாருக்கும், ஒரே லயத்தில் சுவரொன்றை மாத்திரம் நடுவே வைத்து வாழும் சகல சகோதர சகோதரிகளுக்கும், இத்தோட்டத்து ஸ்திரீகளாகிய நாங்கள் வணக்கத்துடன் தெரிவித்துக்கொள்வது:

மார்பில் கட்டி கண்டு, பதுளை பெரியாஸ்பத்திரியில் ஊசி வைத்துச் சிறிது சதை எடுக்கக் கொடுத்துவிட்டு வருகிற பெண், மறுநாட்காலையிலேயே பெரட்டுக்குப் போய்ப் பேர் போட்டுக்கொண்டு, தலைக்கயிற்றில் கூடையைத் தொங்கவிட்டு மலையேறினால், இரு கையாலும் ஓயாது கொழுந்தெடுக்கும் அத்தொழிலில் நெஞ்சுத் தசைக்கு ஒரு கணமும் ஓய்வு கிடையாது. ஊசி பட்ட இடம் கன்றி வீங்குவதற்கு அந்த இழுப்பும் சுமையும் இடங்கொடுக்கும். ஆகையால், டாக்டர் சொல்லும் நாள்வரையில் அவளுக்குக் கூடை சுமக்காத இலகுவான வேலை கொடுத்து முழுநாட் சம்பளத்துக்குப் பேர் எழுதவேண்டுமென்று கணக்கப்பிள்ளைமாரை முதற்கண் வேண்டுகிறோம்.

நம் பெரியவர்கள் ஆயுர்வேதத்தின் மேல் வைத்திருக்கும் விசுவாசத்தை நாங்கள் குறைத்துப் பேச வரவில்லை. விரணமுற்றவரைப் பேணும் விதத்தைக் கூறுவதற்கென்றே சுசுருத சம்ஹிதையில் ஓர் அத்தியாயம் உண்டு. சுத்தமான, காற்றடிக்காத வீட்டில் நல்ல படுக்கை; பழைய அரிசிச் சோறும் அளவான நெய்யும் பாசிப்பயற்று ரசமும்; புது அரிசி, உளுந்து, எள், புளிப்பு, உறைப்பு, வெல்லம் முதலியவற்றுக்கு விலக்கு என்று பத்தியத்தை வகுத்துச் செல்லும் அந்நூல், பிரியமாய்ப் பேசும் சிநேகிதர்கள் அருகிருந்து இதமான கதைகள் சொல்லி நோவை மறக்கச் செய்யவேண்டுமென்பதையும் சிகிச்சையாகவே விதிக்கிறது. (காற்றடிக்காத இடத்துக்கு நம் லயக் காம்பராக்களில் குறைவில்லை, சுத்தமான இடத்துக்குத்தான் பஞ்சம்.) பயற்றங்கஞ்சியும் கொத்தமல்லித் தண்ணீரும் கொடுங்கள், நித்திரை கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஊசித் துவாரத்தின் மேல் மஞ்சளரைத்துப் பூசுவதும், பச்சிலை வைத்துக் கட்டுவதும், எண்ணெய் தேய்த்துக் கட்டியைக் கரைப்பதாக அமுக்குவதும் கூடவே கூடாது. ஆஸ்பத்திரியில் போட்ட கட்டு சொன்ன நேரம்வரை நனையாமலிருக்கட்டும். வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய ஐஸ் போதும். காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு, நில்லாத இரத்தம் இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிதான். 1961 ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி பதிவுபெற்ற ஆயுர்வேத வைத்தியரிடமே மருந்து வாங்கினாலும், வாங்கியதை டாக்டரிடம் மறைக்கலாகாது. இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் சரக்குகள் நம் அடுக்களையிலேயே இருக்கின்றன.

சரீரத்தின் காயம் ஆறிவிடும். ரிப்போர்ட் வரும்வரையில் உள்ள நாட்களே கொடியவை. அந்நாட்களில் பீலிக்கரையில் நின்றுகொண்டு, "புத்துநோயாம்ல" என்று பேசுகிற ஒரு வார்த்தை, தண்ணீர்க் குடத்தோடு அவள் வீட்டுக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடுகிறது. சதை எடுத்துச் சோதிக்கப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. புற்றுநோயாகவே இருந்தாலும் ஆரம்பத்தில் கண்டதற்குச் சிகிச்சை உண்டு. பேசுகிறவர்கள் இதைப் பேசுங்கள். மாமியார்மாரும் புருஷன்மாரும், "எவள் கண் பட்டதோ" என்று யார்மேலும் பழி போடாமல், அடுப்படியை இரண்டு நாள் ஏற்றுக்கொள்ளுங்கள். அவள் அழுதால் அழவிடுங்கள்.

ரிப்போர்ட்டுக்குரிய நாளில் கிளினிக் கார்டோடு அவளுடன் ஒருவர் பதுளைக்குப் போகவேண்டும். பயத்தினால் அந்நாளைத் தவறவிடுவதே எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் பஸ் செலவுக்கு லயத்துக்கு லயம் கை நீட்டுவோம். அப்போது கதவைச் சாத்தவேண்டாம். 35 வயதும் 45 வயதும் எட்டிய சகோதரிகள், 1996 முதல் நாட்டில் நடந்துவரும் சுவநாரி (மாதர் சுகநல) கிளினிக் எந்நாளென்று குடும்பநல மாதுவிடம் கேட்டு, வெட்கப்படாமல் போய்வருவார்களாக.

இங்ஙனம்,
ஸ்பிரிங்வெளி தோட்டத்து மாதர்