எந்தக் கோப்பை வைப்பது?

கல்வராயன் மலையின் மேகம் அருவிக்குப் போய்வந்த களமருதூர் மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், காமிராவில் ‘ரா’ கோப்புக்கு மூன்று வகை இருக்கிறதே, எதை வைப்பது?"

‘ரா’ என்பது உணரியில் விழுந்த ஒளியின் அளவை எண்களாக வைத்திருக்கும் கோப்பு. படமன்று; படத்தின் கச்சாப்பொருள். ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ‘ரா’வில் 16,384!

இழப்பின்றிச் சுருக்கிய கோப்பை விரித்தால் ஓர் எண்கூட மாறாது. அப்படியிருக்க, சுருக்காத கோப்புகளால் அட்டையை நிரப்புவது வீண் என்பேன்.

மூன்றாவது வகை, இழப்புடன் சுருக்குவது. இது ஏமாற்று வேலையா? முழுக்க அப்படியல்ல. ஒளி துகள்களாக வருகிறது அல்லவா? ஒரு புள்ளியில் சராசரியாக 10,000 துகள்கள் பதிந்தால், அந்த எண்ணிக்கை இயல்பாகவே 100 அளவுக்குக் கூடிக் குறையும். (வர்க்கமூலம்தான், கவனித்தீர்களா?) வெளிச்சமான இடங்களில் இந்தத் தடுமாற்றத்துக்குள் அடங்கும் நுண்படிகளையே காமிரா பெரும்பாலும் விட்டுவிடுகிறது. திருவிழாப் படங்களுக்கு இது தாராளம்.

ஆனால் நட்சத்திர ஒளியை அளக்க விரும்புகிறவர்கள் இழப்பற்ற வகையையே வையுங்கள். நாளை எதை அளப்போம் என்று இன்று தெரியாது. கொடைக்கானலில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்களை இந்த நூற்றாண்டில் எண்மமாக்கிக் கரும்புள்ளிகளை மறுபடி அளந்தார்கள். மூலப் படங்களைப் பத்திரமாக வைத்திருந்ததால் முடிந்தது.

காமிராவில் டிஎன்ஜி இருந்தால் இன்னும் நல்லது. அதன் அமைப்பை 2004இல் அடோபி வெளிப்படையாகவே வெளியிட்டது. அதைப் படிக்க யாரும் நிரல் எழுதலாம், நீங்களும்கூட.