சிரிஞ்ச் ஜேசிபிக்கு அப்புறம் என்ன?

நம்ம காலேஜ் டெக் எக்ஸ்போவுக்கு எந்த வருஷம் போனாலும் ஒரு ஸ்டாலில் அட்டை ஜேசிபி நிற்கும். சில சிரிஞ்ச், கொஞ்சம் ட்யூப், கலர் தண்ணி. ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் கை தூக்கும். எல்லோரும் கைதட்டுவோம். ஃபர்ஸ்ட் இயரில் நானும் செஞ்சேன், அதனால் யாரையும் கிண்டல் பண்ண இதை எழுதவில்லை. என் கேள்வி ஒன்றுதான்: ஃபைனல் இயரிலும் ஏன் அங்கேயே நிற்கிறோம்?

1839-ல் வில்லியம் ஓட்டிஸ் நீராவியில் மண் அள்ளும் இயந்திரத்துக்குப் பேட்டன்ட் வாங்கினார். அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் இந்த வண்டிகள் பெரும்பாலும் கயிறும் சங்கிலியும் கப்பியும் வைத்தே ஓடின. 1950-களில்தான் பிரான்சின் பொக்லைன் மாதிரி கம்பெனிகள் எண்ணெய் அழுத்தத்துக்கு மாறின. நம்ம பேப்பரில் 'பொக்லைன் இயந்திரம்'னு வருதே, அது இந்தக் கம்பெனியின் பேர்தான். கயிறு இழுக்க மட்டும்தான் செய்யும். சிலிண்டர் தள்ளவும் செய்யும். பக்கெட்டை மண்ணுக்குள் அழுத்திக் குத்த முடிவது அதனால்தான்.

சிரிஞ்ச் மாடல் சொல்லும் கதை இங்கே முடியுது. நிஜ இன்ஜினியரிங் இதற்கப்புறம்தான்.

வைவாவில் என்னிடம் கேட்டார்கள்: "ஹைட்ராலிக் எண்ணெய் ஏன் சூடாகுது?" 'உராய்வு' என்றேன். மார்க் கிடைத்தது. போன மாசம் ஹாஸ்டல் பக்கம் பள்ளம் தோண்ட வந்த ஆபரேட்டர் அண்ணனிடம் அதையே கேட்டேன். சிரித்தார். "பழைய வண்டில லிவரைப் பாதி இழுத்தாலும் பம்பு முழு எண்ணெயையும் தள்ளும் தம்பி. மிச்சம் வால்வு வழியா டேங்குக்கே திரும்பிடும். நீங்க ஊத்துன டீசல்தான் அங்க சூடா போகுது."

அறுபது வருஷ முன்னேற்றத்தின் பாதி இந்தப் பதிலுக்குள் இருக்கு. பம்பின் ஸ்வாஷ் பிளேட் சாய்வை மாற்றி, தேவையான எண்ணெயை மட்டும் அனுப்ப வைத்தார்கள். சிலிண்டருக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை பம்புக்கே தெரியவைக்கும் லோட் சென்சிங் வந்தது. 2008-ல் கொமாட்சு விட்ட ஹைபிரிட் வண்டி, மேல்பாகம் சுழன்று நிற்கும்போது வீணாகும் ஆற்றலை மின்சாரமாக்கி கெப்பாசிட்டரில் சேமித்தது. எதுவுமே வண்டியை இன்னும் முரடாக்குற வேலை இல்லை. வீணாவதைக் குறைக்கிற வேலை.

வேலை முடிந்துவிடவும் இல்லை. தூக்கிய பூம் கீழே இறங்கும்போது அந்த ஆற்றல் பெரும்பாலான வண்டிகளில் இன்னும் வால்வில் சூடாகத்தான் போகுது.

ப்ராஜெக்ட் டைட்டில் கிடைக்கலைன்னு ரெடிமேடாகக் காசு கொடுத்து வாங்கப் போறீங்களா? அதற்கு முன்னாடி பக்கத்து சைட்டுக்கு ஒரு நோட்டோடு போங்க. ஆபரேட்டருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணா, இந்த வண்டில உங்களுக்கு எது கஷ்டம்?"னு கேளுங்க. டைட்டில் அவர் வாயிலிருந்தே வரும்.