அம்சவல்லியை ஏன் வாழவிடவில்லை?

இயக்குநர் பாலாவின் படமென்றால் இறுதிக் காட்சியில் எவரேனும் சாகத்தான் வேண்டும் என்பது நம் பங்கு இளைஞரிடையே வழங்கும் கேலி. அக்கேலிக்கு அடியில் ஒரு வியப்பும் உண்டு. இருண்ட முடிவை எழுதத் துணிபவனே கலைஞன், மணவறையில் கதையை முடிப்பவன் வியாபாரி என்று படித்தவர் பலர் மறுபேச்சின்றி நம்புகின்றனர். மறுபுறம் பக்தி மிகுந்த பெரியோர் சிலர் என்னிடம் வந்து, “சாமி, இத்தகைய படங்களைப் பிள்ளைகள் பார்க்கலாகாது என்று மறையுரையில் சொல்லுங்கள்” என்கின்றனர். இரு சாராரோடும் எனக்கு வழக்கு உண்டு.

பெரியோருக்கு என் விடை சுருக்கமானது. மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய கையெழுத்துப் படிகள், வெறுமையான கல்லறையைக் கண்ட பெண்கள் அச்சத்தால் நடுங்கி ஓடியதோடு முடிந்துவிடுகின்றன. அதற்குப் பின்வரும் பன்னிரண்டு வசனங்கள் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை என்று குருமடத்தில் பாடம் கேட்டபோது எங்களில் சிலருக்கு உறக்கம் வரவில்லை. அச்சத்தில் முடியும் நூலைத் திருநூலாக ஏற்ற நாம், திரைப்படம் ஒன்று கண்ணீரில் முடிகிறதே என்று பதறுவது பொருந்தாது.

இனிப் படித்தவரோடு. 1999 இறுதியில் வெளிவந்த ‘சேது’வை எடுத்துக்கொள்வோம். சோக முடிவு கண்டு விநியோகஸ்தர்கள் வாங்கத் தயங்கிய படம் அது. பின்னர் மக்களே அதைத் தூக்கி நிறுத்தினர். சேது முரடன். தான் விரும்பிய பெண்ணை மிரட்டிக் காதலிக்க வைக்கப் பார்த்தவன். அம்முரட்டுத்தனமே பகைவரைத் தேடித் தந்து அவன் அறிவையும் குலைக்கிறது. தெளிவு திரும்பித் தப்பி வருகையில் அபிதா உயிரோடில்லை. அவன் பழிவாங்கவில்லை, கூச்சலிடவில்லை. வந்த இடத்துக்கே தானாகத் திரும்புகிறான். இருளேயாயினும் அது அவனுடைய வாழ்விலிருந்தே விளைந்த இருள். இயக்குநர் மேலிருந்து கொட்டியதன்று.

இந்த நெறியைப் பாலா தம் ஆசான் பாலுமகேந்திராவிடம் கற்றார் என்று கொள்வதில் தவறில்லை. 1982இல் வந்த ‘மூன்றாம் பிறை’யின் முடிவில் ஒருவரும் சாவதில்லை. கேத்தி ரயில் நிலையத்து மழையில் சீனு ஆடிய குரங்காட்டத்தைப் பித்தனின் கூத்தென்றெண்ணிப் போய்விடுகிறாள் நினைவு மீண்ட அப்பெண். அவன் நாளையும் வாழ வேண்டியவன். சாவைக் காட்டிலும் கொடிய அந்த நாளைய பொழுதைத் தமிழ்த்திரை அன்று துணிந்து ஏற்றது.

அப்படியிருக்க, 2009இல் வந்த ‘நான் கடவுள்’ என்ன செய்தது? அம்சவல்லி பார்வையற்றவள், பழைய திரைப்பாடல்களைப் பாடிப் பிழைப்பவள். பிச்சைக்காரரை விற்றுத் தின்னும் தாண்டவன் அவள் முகத்தைச் சிதைக்கிறான். இனி வாழ முடியாதென்று அவள் காசியிலிருந்து வந்த அகோரி ருத்ரனிடம் மன்றாடுகிறாள். அவன் அவள் உயிரைப் போக்கிவிட்டுக் காசிக்கே திரும்புகிறான். படம் அதைக் கொலையாகக் காட்டவில்லை, அருளாகக் காட்டுகிறது. இப்படத்துக்காகப் பாலா சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது பெற்றார். திறமைக்கு அது தகும். படத்தில் வரும் பிச்சைக்காரரின் சிரிப்பையும் சினத்தையும் அவரளவு காட்டியவர் நம்மிடையே மிகச் சிலர். என் வழக்கு அந்தக் கடைசி நிமிடங்களைப் பற்றியது.

அப்படத்தைப் பார்த்துவிட்டு வந்த எங்கள் பங்கு இளைஞர் ஒருவர், பிறவியிலேயே கால்கள் சூம்பியவர், மூன்று சக்கர வண்டியில் கோயில் வாசலில் நின்றபடி என்னைக் கேட்டார்: “சாமி, என்னைப் பார்க்கிறவர்களுக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் தோன்றுமா?” நான் உடனே ஏதோ சொன்னேன். சொன்னது போதவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அம்சவல்லியின் மன்றாட்டு பொய் என்று நான் சொல்லவில்லை. “கடவுள் என்னை எடுத்துக்கொள்ளக் கூடாதா” என்ற சொற்களை இருபத்தைந்து ஆண்டுகளாக நோயாளரின் கட்டிலருகே கேட்டுவருகிறேன். கேட்டவர்களில் பலர் நான் எழுந்து புறப்பட்டால் கையைப் பிடித்துக்கொள்வார்கள். மருந்து மாற்றப்பட்டு வலி தணிந்ததும், அல்லது சண்டையிட்டுப் போன மகன் திரும்பி வந்ததும், அச்சொற்களை மறந்துவிடுவார்கள். சிலர் மறப்பதில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படத்தில் அவள் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவருமில்லை. அந்த வெறுமையை அமைத்தவர் இயக்குநர். தாமே எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டு, வேறு வழியில்லை என்று நம்மிடம் சொல்கிறார்.

அது அகோரியின் தத்துவம், இயக்குநருடையதன்று என்பர். எனில் அதை மறுக்கும் ஒரு முகமாவது இறுதியில் திரையில் இருந்திருக்க வேண்டும். படத்தின் பிச்சைக்காரர் உலகம் ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ நாவலிலிருந்து வந்தது. படத்துக்கு உரையாடல் எழுதியவரும் அவரே. நாவல் படத்தைவிட இருண்டது. சில பக்கங்களைப் புரட்ட எனக்கே மனத்திடம் போதவில்லை. எனினும் அங்கே ருத்ரன் இல்லை. உருக்குலைந்த முத்தம்மை பெறுகிறாள், பால் கொடுக்கிறாள், பிள்ளையைப் பறிகொடுக்கிறாள், மேலும் வாழ்கிறாள். அவளை முடித்துவைத்து நம்மை ஆறுதலாக வீட்டுக்கு அனுப்பும் எண்ணம் அந்நூலுக்கு இல்லை.

ஆம், ஆறுதல் என்றே சொல்கிறேன். நம்மால் பார்க்கச் சகியாத முகம் திரையிலிருந்து அகற்றப்படுகிறது; நாம் பெருமூச்சு விட்டு எழுகிறோம். மணவறை முடிவைக் காட்டிலும் எவ்வகையில் இது கடினமானது? இருண்ட முடிவு என்று போற்றப்படும் இது, பார்ப்பவருக்கு மிக இலகுவான முடிவு.

2018இல் வந்த ‘நாச்சியார்’ பாலாவின் படமா என்று பலர் உதடு பிதுக்கினர். முடிவு இனிப்பாக இருக்கிறதாம். பிறந்த குழந்தை தன்னுடையதன்று எனத் தெரிந்தும் அந்த ஏழைப் பையன் அதையும் தாயையும் ஏற்றுக்கொள்கிறான். அக்குழந்தைக்கு நாள்தோறும் பால் வாங்க வேண்டும், காய்ச்சலுக்கு மருத்துவரிடம் ஓட வேண்டும், ஊர் பேசும் பேச்சுக்குக் காது கொடுக்காதிருக்க வேண்டும். படமாக அது ‘சேது’வுக்கு ஈடாகாது, காவல்துறைக் காட்சிகளின் ஆரவாரம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆயினும் ‘நான் கடவுள்’ துணியாததை இப்படத்தின் முடிவு துணிந்திருக்கிறது.

அம்சவல்லி மறுநாள் விழித்திருந்தால் அவள் புண்ணைக் கழுவ யார் தண்ணீர் கொண்டுவந்திருப்பார்? தாண்டவன் ஒழிந்தபின் அந்தப் பிச்சைக்காரர் கூட்டம் எங்கே படுத்திருக்கும்? சில நாள் கழித்து அவள் பாட வாய் திறந்திருப்பாளா? பாலா அந்தக் காலையைப் படமாக்கவில்லை.